எள்ளோடு கொஞ்சம் மணல்

இந்த வருஷத்தோடு போதும் என்று மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டே, மாசிப் பட்டத்து எள்ளை இப்போதும் விதைத்து முடித்துவிட்டேன். வயது 63. ஆள் கிடைப்பதில்லை, குனிந்தால் முதுகு நிமிர மறுக்கிறது. என்னைப் போன்றவர்களுக்கு ஒரு குறிப்பு.

எள் பொடி விதை. ஏக்கருக்கு 2 கிலோ போதும். அப்படியே அள்ளி வீசினால் ஓரிடத்தில் மொய்க்கும், இன்னோர் இடம் சொட்டையாகக் கிடக்கும். ஒரு பங்கு விதைக்கு நான்கு பங்கு மணல் கலந்துகொள்ளுங்கள். மணலைச் சலித்து, துளி ஈரமில்லாமல் வெயிலில் காயவைத்திருக்க வேண்டும். ஈர மணல் என்றால் விதை ஒட்டிக்கொண்டு கட்டியாக விழும். கலந்ததை இரண்டாகப் பிரித்து, பாதியைத் தெற்கு வடக்காகவும் மீதியைக் கிழக்கு மேற்காகவும் தூவினால் விட்ட இடமும் நிரம்பிவிடும். விதை 3 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் முளை மேலே வரத் திணறும்.

அப்புறம், செடி கலைப்பது, அதாவது நெருக்கமாக முளைத்ததைப் பிடுங்கிவிடுவது. 15ஆம் நாள் செடிக்குச் செடி 15 சென்டிமீட்டர், 30ஆம் நாள் 30 சென்டிமீட்டர் இடைவெளி. விதைப்பு சீராக இருந்தால் இந்த வேலையும் குறையும். நான் சின்ன மணை போட்டு உட்கார்ந்தே கலைக்கிறேன். பேரன் சிரிக்கிறான். சிரிக்கட்டும்.