நியூக்ளியோசோம் மாடல் செய்ய: காசிமேட்டுக் கயிறு, எம்-சீல், வெல்க்ரோ

பிளஸ் டூ படிக்கிற பிள்ளை இருக்கிற வீட்டில் அறிவியல் கண்காட்சி என்றால் உடனே தெர்மாகோல் பந்து, கலர் நூல், ஃபெவிகால். நியூக்ளியோசோம் என்பது ஹிஸ்டோன் என்கிற புரதங்கள் மேல் டிஎன்ஏ சுற்றியிருக்கிற மூட்டை. அந்த மாடலுக்கு இது மூன்றுமே வேண்டாம், முக்கியமாக ஃபெவிகால். டிஎன்ஏ-வை நிரந்தரமாக ஒட்டிவிட்டால் அப்புறம் ஜீனை எப்படிப் படிப்பது? கழற்றி மாட்டுகிற மாதிரி செய்தால்தான் ஹிஸ்டோன் பார்க்கிற வேலையே புரியும்.

காசிமேடு துறைமுகத்துப் பக்கம் வலை, கயிறு விற்கிற கடையில் 10 மில்லிமீட்டர் நைலான் கயிறு ரெண்டு மீட்டர் கேளுங்கள். நிமிர்த்திப் பிடித்தால் புரிகள் இடது கீழிருந்து வலது மேலாக ஏற வேண்டும். டிஎன்ஏ-வும் அப்படி வலமாக முறுக்கியதுதான். வெட்டிய முனையை நெருப்பில் காட்டி உருக்கிவிடுங்கள், இல்லையென்றால் பிரிந்துவிடும். கயிறு விறைப்பாக இருக்கிறதே என்று மெல்லியதை வாங்காதீர்கள். நிஜ டிஎன்ஏ-வும் 50 நானோமீட்டர் நீளத்துக்குள் லேசில் வளையாது, ஆனால் ஹிஸ்டோன்கள் அந்த 50 நானோமீட்டரை, அதாவது 147 கார இணைகளை, ஏறத்தாழ 1.65 சுற்றாக வளைத்துப் பிடித்து வைத்திருக்கின்றன. அந்த இழுபறி உங்கள் கையில் தெரிய வேண்டும்.

டிஎன்ஏ-வின் தடிமன் 2 நானோமீட்டர், இங்கே அது 1 சென்டிமீட்டர். இந்தக் கணக்கில் கயிறு சுற்றப்போகிற ஹிஸ்டோன் நடுத்துண்டு மூணேகால் சென்டிமீட்டர் அகலம், 3 சென்டிமீட்டர் உயரம். அதற்கு எம்-சீலில் எட்டு உருண்டை: ஹெச்2ஏ, ஹெச்2பி, ஹெச்3, ஹெச்4 என்று நாலு வகை ஹிஸ்டோன், வகைக்கு இரண்டு, நான்கு நிறம். ஹெச்3, ஹெச்4 நான்கையும் ஈரமாக இருக்கும்போதே ஒன்றாக அழுத்திவிடுங்கள். ஹெச்2ஏ-ஹெச்2பி ஜோடிகள் இரண்டும் பக்கத்துக்கு ஒன்றாக வெல்க்ரோவில் மாட்டட்டும், ஏனென்றால் நிஜத்திலும் முதலில் கழல்வது அவைதான்.

வெல்க்ரோ பழைய வண்ணாரப்பேட்டையில் தையல் சாமான் கடையிலேயே கிடைக்கும். சொரசொர பக்கம் ஹிஸ்டோனுக்கு, அது லைசின், ஆர்ஜினின் என்கிற அமினோ அமிலங்கள் தருகிற நேர்மின்சுமை. மென்மையான பக்கம் கயிற்றுக்கு, அது டிஎன்ஏ-வில் இருக்கிற பாஸ்பேட்டின் எதிர்மின்சுமை. முழு நீளத்துக்கும் ஒட்டாதீர்கள். டிஎன்ஏ ஹிஸ்டோனைத் தொடுவது 14 இடங்களில்தான், அதனால் 25 சென்டிமீட்டர் கயிற்றில் ஒன்றே முக்கால் சென்டிமீட்டருக்கு ஒரு சின்னத் துண்டு போதும். சுற்றும்போது மேலிருந்து பார்த்தபடி கடிகாரத்துக்கு எதிர்த் திசையில் கீழே இறங்குங்கள். கயிற்றின் முறுக்கு வலம், சுற்று இடம். கண்காட்சி மாடல்களில் பாதி கவிழ்வது இங்கேதான்.

இதே மாதிரி அடுத்த நடுத்துண்டில் சுற்ற ஆரம்பிக்கும் முன் எட்டு சென்டிமீட்டர் கயிறு இடைவெளி விடுங்கள். கயிறு நுழைந்து வெளியேறுகிற இடத்தில் வெளிப்பக்கம் ஒரு துணி கிளிப், அதுதான் ஹெச்1 என்கிற இன்னொரு ஹிஸ்டோன். ஒவ்வொரு உருண்டையிலும் ஒரு கம்பளி நூல் வால் நீட்டியிருக்கட்டும். வாலில் இருக்கிற லைசினில் அசிட்டைல் குழு ஏறினால் அதன் நேர்மின்சுமை போய்விடும், பிடியும் தளரும். அதைக் காட்ட நூலில் ஒரு சிவப்பு மணியைக் கோர்த்து, நாலைந்து வெல்க்ரோவைப் பிரித்துக் காட்டினால் போதும்.

இப்படி மணிமாலை போல வரிசையாக வரும் நியூக்ளியோசோம்களை 30 நானோமீட்டர் தடிமனில் ஒழுங்கான சுருளாகச் சுருட்டி வைக்கச் சொல்லும் பாடப்படத்தை நான் விட்டுவிடுவேன். 2017-இல் மனித செல்களை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது தெரிந்தது 5 முதல் 24 நானோமீட்டர் வரை ஒழுங்கில்லாத சங்கிலிகள். சும்மா கோணல்மாணலாக ஒரு அட்டைப்பெட்டிக்குள் போடுங்கள்.

"நிஜத்தில் எவ்வளவு கயிறு?" என்று நடுவர் கேட்டால்: ஒரு செல்லில் 2 மீட்டர் டிஎன்ஏ, இந்த அளவுகோலில் அது 10,000 கிலோமீட்டர் கயிறு, அத்தனையும் 30 மீட்டர் அகலமுள்ள ஓர் உருண்டைக்குள், ஹிஸ்டோன் மூட்டைகள் சுமார் 3 கோடி.