மனித எலும்புக்கு முன் கோழி எலும்பு: பழைய உணவைக் கண்டறியப் பழக்கும் முறை

எலும்பிலுள்ள கொலாஜன் என்ற புரதத்தைப் பிரித்து, அதில் கனமான கார்பன்-13, நைட்ரஜன்-15 அணுக்களின் அளவைப் பார்த்தால், ஒருவர் என்ன உண்டார் என்று ஊகிக்கலாம். இதைப் பழகும் பட்டப்படிப்பு மாணவர் கையில் முதல் நாளே மனித எலும்பைக் கொடுக்காதீர்கள். அது ஒருவருடைய உடம்பு, கரைத்துவிட்டால் திரும்பாது. கெடாவின் பீடோங் சந்தையில் பண்ணைக்கோழிக் கால் ஒன்று, கம்பத்துக்கோழிக் கால் ஒன்று, பச்சையாக வாங்குங்கள். வேகவைத்ததில் கொலாஜன் பாதி குழம்போடு போயிருக்கும். எந்தக் கோழி என்ன தின்றது என்று விற்பவரிடம் கேட்டு, முடிவு எப்படி வரும் என்பதை முன்கூட்டியே எழுதச் சொல்லுங்கள்.

சதை, மஜ்ஜை, கொழுப்பு நீக்கிய எலும்புத் தண்டில் அரை கிராம் போதும். கொழுப்பு தங்கினால் கார்பன்-13 அளவு தாழ்ந்து காட்டும். 0.5 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேண்டும்: 37 சதவீத அமிலம் 42 மில்லியைத் தண்ணீரில் ஊற்றி 1 லிட்டராக்குங்கள். அமிலத்தின் மேல் தண்ணீர் ஊற்றவே கூடாது. 4 டிகிரிக் குளிரில் வைத்து, இரண்டு நாளுக்கொரு முறை அமிலத்தை மாற்றுங்கள். குமிழி அடங்கி, எலும்பில் வெளிச்சம் ஊடுருவி, இடுக்கியால் அழுத்தினால் ஒட்டுப்பால் போல வளைந்து நிமிரும். அதுதான் பதம். அவசரப்பட்டு மேசைமேல் வைத்தால், நம் ஊர் வெக்கையில் கொலாஜனும் சிதைந்து கழுவுநீரோடு போய்விடும்.

நன்றாகக் கழுவி, பிஎச் 3 நீரில் 70 டிகிரியில் 48 மணி நேரம். வடிகட்டி, உறையவைத்து உலர்த்தினால் வெள்ளைப் பஞ்சு மிஞ்சும். மண்ணில் கிடந்த எலும்பு பழுப்பாக வந்தால் மண்ணின் மட்கு ஒட்டியிருக்கிறது என்று பொருள். அமிலத்துக்குப் பின் 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் அலசியிருக்க வேண்டும். அரை மில்லிகிராம் எடுத்து, அணுக்களை எடைவாரியாகப் பிரித்து அளக்கும் நிறை நிறமாலை ஆய்வுக்கு அனுப்புங்கள்.

கார்பன்–நைட்ரஜன் அணு விகிதம் 2.9க்கும் 3.6க்கும் இடையில் இல்லையா? கொலாஜன் கெட்டிருக்கிறது அல்லது கலப்படம் உள்ளது என்று பொருள்; தூக்கிப் போடுங்கள். ஒரு வார உழைப்பாயிற்றே என்று மாணவர் கெஞ்சினாலும் இளகாதீர்கள். பயிற்சியின் உயிரே இதில்தான். நம் வெப்ப மண்ணில் பழைய எலும்பில் கொலாஜன் பெரும்பாலும் தங்காது. கிடைத்த கொலாஜன் எலும்பின் எடையில் 1 சதவீதத்துக்குக் கீழே போனால் நிறுத்திவிட்டு, பல் எனாமலுக்குப் போங்கள். அதில் கார்பன் கிடைக்கும், நைட்ரஜன் கிடைக்காது. அதுவும் சிறுவயதுச் சாப்பாட்டையே சொல்லும்.

அரிசி, மரவள்ளி மட்டும் உண்டவரின் கொலாஜனில் கார்பன்-13 அளவு ஆயிரத்துக்குச் சுமார் −20 (ஒரு தரப்பொருளோடு ஒப்பிட்டுச் சொல்வது; அதைவிடக் குறைவு என்பதால் கழித்தல் குறி). கேழ்வரகு, கம்பு, மக்காச்சோளம் மட்டும் என்றால் −7 பக்கம். கடல்மீனும் இந்த அளவை உயர்த்தும். அப்போது நைட்ரஜன்-15ஐப் பாருங்கள்: உணவுச் சங்கிலியில் ஒரு படி ஏறினால் ஆயிரத்துக்கு 3 முதல் 5 வரை கூடும். சிப்பி கீழ்ப்படியில் இருப்பதால் அவ்வளவு ஏற்றாது. பினாங்கு மாநிலத்தின் குவார் கெப்பா போன்ற, பழங்காலச் சிப்பி ஓடு குவிந்த மேடுகளின் எலும்புகளில் இது ஆளை ஏமாற்றும். பால்குடிக் குழந்தைக்கு நைட்ரஜன்-15 தாயைவிட 2, 3 கூடவே இருக்கும். அதை இறைச்சி என்று எழுதிவிடக் கூடாது.

இன்னொன்று: கொலாஜன் பெரும்பாலும் புரதத்தின் கணக்கு. தட்டில் சோறு மலையாகவும் கருவாடு ஒரு துண்டாகவும் இருந்தாலும், எலும்பில் கருவாடுதான் ஓங்கிப் பேசும்.