“ஆம்பளப் பிள்ள, மெதுவாத்தான் பேசும்”: தோட்டப்புறத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவில் சுங்கை சிப்பூட் பக்கத்துத் தோட்டங்களில் ஒரு குழந்தையின் வளர்ச்சித் தாமதம் பெரும்பாலும் “ஆம்பளப் பிள்ள, மெதுவாத்தான் பேசும்” என்ற பேச்சோடு மறந்துபோகிறது. “அவன் அப்பனே நாலு வயசுலதான் பேசினான்” என்று ஒரு சாட்சியும் சேர்ந்துகொள்ளும். ஆண் பிள்ளைகள் சற்றுப் பிந்திப் பேசுவது உண்மைதான். ஆனால் அந்த இடைவெளி ஒன்றிரண்டு மாதம், வருடக்கணக்கு இல்லை.

ஒரு வயதைத் தாண்டியும் எதையும் சுட்டிக்காட்டாத குழந்தை, 16 மாதத்தில் ஒரு சொல்லும் வராத குழந்தை, 18 மாதத்தில் நடக்காத குழந்தை, இரண்டு வயதில் “பால் வேணும்” என்று இரு சொல் சேர்க்காத குழந்தை, இவர்களை உடனே கிளினிக்கில் காட்ட வேண்டும். வந்த பேச்சு நின்றுபோனால் எந்த வயதானாலும் அந்த வாரமே போங்கள். குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு மட்டும் இரண்டு வயது வரை கணக்கு வேறு. இரண்டு மாதம் முந்திப் பிறந்திருந்தால், 14 மாதத்தில் அதை 12 மாதக் குழந்தையாக எண்ணிப் பார்க்க வேண்டும்.

பின்னால் நின்று தட்டைத் தட்டி, திரும்பினால் “காது நல்லாத்தான் கேக்குது” என்று விட்டுவிடுவது அடுத்த தவறு. தட்டின் பெருஞ்சத்தம் கேட்கும் பிள்ளைக்கு ‘ச’, ‘ஸ’ போன்ற மெல்லிய ஒலிகள் கேட்காமல் இருக்கலாம். அடிக்கடி சளி பிடித்தால் நடுச்செவியில் நீர் தேங்கிக் கேட்கும் திறன் மங்கும், பிறகு தெளியும். பேச்சுத் தாமதம் என்றாலே செவிப் பரிசோதனைக்குக் கடிதம் கேட்டு வாங்குங்கள்.

18 மாத ஊசியின்போது நிரப்பும் எம்-சாட் எனும் ஆட்டிசம் அறிகுறிக் கேள்வித்தாளில்தான் நிறைய நழுவுகிறது. அவசரத்திலோ பயத்திலோ எல்லாவற்றுக்கும் ‘ஆமாம்’ என்று போட்டுவிடுகிறார்கள். நீங்கள் பத்து முறை சுட்டிக்காட்டி, பிள்ளை ஒரு முறை மட்டும் திரும்பிப் பார்த்தால் அதற்குப் பதில் ‘இல்லை’தான், வழக்கமாகச் செய்கிறதா என்பதே கேள்வி. மலாய் சரியாகப் புரியாவிட்டால் மிஸ்ஸியிடம் (தாதியிடம்) விளக்கச் சொல்லுங்கள், கூச்சம் வேண்டாம். பகல் முழுதும் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது பாட்டி என்றால் பாட்டியையும் கூட்டிப் போங்கள். அம்மா விடிவதற்குள் வேலைக்குப் போய்விடுகிற வீட்டில், பாட்டிக்குத் தெரிந்தது அம்மாவுக்குத் தெரியாது.

“தமிழை விடுங்க, ஒரே மொழி பேசுங்க” என்று சிலர் சொல்வார்கள். இரண்டு மொழி கேட்பதால் பேச்சுத் தாமதமாவதில்லை. வீட்டார் சரளமாகப் பேசும் மொழியை நிறுத்தினால் பிள்ளை கேட்கும் பேச்சே குறைந்துபோகும்.

பேச்சுத் தெரப்பி மாதம் ஒரு முறை கிடைத்தாலே பெரிது. அதை மட்டும் நம்பியிருந்தால் பலன் வராது. வீட்டில் நடக்கும் வேலையோடு பயிற்சியைச் சேர்க்க வேண்டும். குளிப்பாட்டும்போது தண்ணீர் மொண்ட குவளையைத் தூக்கிப் பிடித்து “ஊத்தவா?” என்று கேட்டு, 5 முதல் 10 நொடி வாயை மூடிக் காத்திருங்கள். பார்வை, கையசைவு, ஒரு சிறு முனகல், எது வந்தாலும் “ஊத்து!” என்று நீங்கள் சொல்லி ஊற்றுங்கள். “சொல்லு, சொல்லு” என்று நச்சரித்தால் பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

சேவை தருகிறவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஈப்போ ஆஸ்பத்திரிக்குப் போய்வருவது தினக்கூலிக்காரருக்கு ஒரு நாள் சம்பளம். செவி, பேச்சு, மருத்துவர் மூன்றையும் ஒரே நாளில் வைத்தால் இடையில் விடுபடுகிறவர்கள் குறைவார்கள். ப்ரீபெய்டு எண் மாறிக்கொண்டே இருக்கும், ஆகவே உறவினர் ஒருவரின் எண்ணையும் கோப்பில் எழுதுங்கள். பயிற்சித் தாளைவிட, தமிழில் ஒரு நிமிட வாட்ஸ்அப் குரல் பதிவு பாட்டிவரை போய்ச் சேரும்.

ஓ.கே.யூ. அட்டை (மாற்றுத்திறனாளி அட்டை) பிள்ளைக்கு முத்திரை குத்திவிடும் என்று ஒளிப்பதும், அட்டை வரும்வரை எதையும் தொடங்காமல் இருப்பதும் ஒரே அளவு நட்டம். ஆஸ்பத்திரித் தெரப்பிக்கு மருத்துவர் கடிதம் போதும். பிடிகே சமூக மறுவாழ்வு நிலையத்தில் சேரத்தான் அட்டை கேட்பார்கள். பதிவு கட்டாயமில்லை. அதற்கான படிவத்தில் ஒரு பகுதியை மருத்துவர்தான் நிரப்ப வேண்டும் என்பதால், அடுத்த பரிசோதனைக்குப் போகும்போதே படிவம், மைகிட் (பிள்ளையின் அடையாள அட்டை) நகல், கடவுச்சீட்டு அளவுப் படம் மூன்றையும் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.