காத்திருக்கிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சனிக்கிழமை மாலைகளில் எங்கள் சபை வாலிபர்களோடு அமர்ந்து ஜெபிக்கும் பொறுப்பு என்னிடம் வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. வேலைக்கும் திருமணத்துக்கும் பெற்றோரின் சுகத்துக்கும் காத்திருக்கும் அவர்கள், 25 வயதில் நான் செய்த பிழைகளை ஒன்று விடாமல் செய்வதைப் பார்த்துக்கொண்டு வாளாவிருக்க முடியவில்லை. முறுமுறுக்கக் கூடாது, ஜெபத்தை விட்டுவிடக் கூடாது என்பவற்றை எத்தனையோ பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். அவற்றை நான் தொடப்போவதில்லை. விசுவாசத்தின் சாயலோடு வருகிற தவறுகளைப் பற்றியே எனக்குக் கவலை.

ஆண்டவருக்கு நாள் குறிப்பது

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் வரும் ஆண்டுக்கான வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை ஒன்றை ஆளுக்கொன்றாக எடுப்பது எங்கள் சபையின் வழக்கம். பி.எட். முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, அரசுப் பள்ளிப் பணிக்காகக் காத்திருந்த காலத்தில் என் கைக்கு வந்தது எரேமியா 29:11. "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு" என்று நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் தொடங்கும் அந்த வசனத்தில், நான் எதிர்பார்த்திருந்த பணி நியமன ஆணையைத் தவிர வேறெதுவும் என் கண்ணில் படவில்லை. அட்டை அந்த ஆண்டுக்குரியது என்பதால் ஆணையும் அந்த ஆண்டுக்குள் வந்துவிடும் என்று நானே முடிவு கட்டி, வீட்டிலும் சபையிலும் அறிக்கையிட்டேன். பக்கத்து ஊர்த் தனியார் பள்ளியில் கிடைத்த வேலையை, ஏற்றுக்கொண்டால் அவிசுவாசமாகிவிடும் என்று சொல்லி மறுத்தேன். ஆண்டு முடிந்தது, ஆணை வரவில்லை, அப்பாவின் கடன்தான் ஏறியது.

அதற்கு முந்தைய வசனத்தை நான் வாசித்திருக்க வேண்டும். யூதாவின் எகொனியா ராஜாவோடு பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதியனுப்பிய கடிதம் அது. 70 வருஷம் முடிந்த பின்பே திரும்பி வருவீர்கள் என்று 10ஆம் வசனம் சொல்கிறது. அந்தக் கடிதத்தைக் கேட்ட மூப்பர்களில் பெரும்பாலோர் அந்த நாளைக் கண்ணால் கண்டிருக்க முடியாது. ஆகவேதான் 5ஆம் வசனம் முதலே, வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குத் திருமணம் செய்து வையுங்கள், நீங்கள் இருக்கும் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்று கர்த்தர் கட்டளையிடுகிறார். காத்திருக்கும் காலத்தில் கிடைக்கிற வேலையைச் செய்வது அவிசுவாசம் என்று அந்தக் கடிதத்தில் எங்கும் இல்லை. நான் மறுத்த பள்ளி வேலை எனக்குரிய தோட்டமாக இருந்திருக்கும்.

28ஆம் அதிகாரத்தையும் சேர்த்து வாசியுங்கள். இரண்டு வருஷத்துக்குள் ஆலயப் பணிமுட்டுகளும் (பாத்திரங்களும்) சிறைப்பட்டவர்களும் திரும்பி வருவார்கள் என்று அனனியா என்ற தீர்க்கதரிசி எல்லா ஜனங்களுக்கும் முன்பாக அறிவித்து, பாபிலோனுக்கு அடங்கியிருப்பதன் அடையாளமாக எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தை எடுத்து உடைத்தான். எரேமியாவும் முதலில், "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்றே சொன்னான். ஜனங்கள் சீக்கிரம் திரும்ப வேண்டும் என்ற ஆசை அவனுக்கும் இருந்தது. ஆனால் கர்த்தர் அனனியாவை அனுப்பவில்லை. நல்ல செய்திதான், தேதி மட்டும் அவன் போட்டது.

நானும் ஒருமுறை அனனியா ஆனேன். இதைச் சொல்லும்போது இன்றும் என்மேல் எனக்குக் கோபம் வருகிறது. பதினோரு ஆண்டுகளாகப் பிள்ளைக்காகக் காத்திருந்த ஒரு தம்பதியின் வீட்டில், ஜெபத்தின் முடிவில் உணர்ச்சி மேலிட்டு, "அடுத்த கிறிஸ்துமஸுக்குள் இந்த வீட்டில் தொட்டில் ஆடும்" என்று சொல்லிவிட்டேன். யாரும் என்னிடம் தேதி கேட்கவில்லை. ஆமென் சத்தம் பெரிதாகக் கேட்க வேண்டும் என்ற ஆசைதான் என்னை அப்படிப் பேச வைத்தது. அவர்கள் அதை நம்பி, நடந்துகொண்டிருந்த சிகிச்சையை நிறுத்திவிட்டார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அடுத்த கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு அந்தச் சகோதரி வரவில்லை. கணவர் மட்டும் வந்து, "அண்ணாச்சி, ஆண்டவர் பொய் சொல்ல மாட்டார், அப்படியானால் நம்மிடம்தான் ஏதோ பாவம் இருக்கிறது என்று அவள் அழுதுகொண்டே இருக்கிறாள்" என்றார். ஆண்டவர் சொல்லாததை நான் சொன்னேன். அதற்கான பழியை அந்தப் பெண் தன்மேல் போட்டுக்கொண்டாள். அவர்கள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் சிகிச்சையில் இழந்த ஓர் ஆண்டை என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

ஆகவே, "இந்த மாதத்துக்குள்", "ஈஸ்டருக்குள்" என்று யாராவது உங்களுக்காக அறிவித்தால், ஆமென் சொல்லுங்கள், எரேமியாவே சொன்னான். ஆனால் அதை நம்பி மருந்தை நிறுத்தாதீர்கள், வேலையை விடாதீர்கள்.

கடைசி மணிநேரத்தில் கைவைப்பது

இஸ்ரவேலின் ராஜா சவுல் காத்திருக்கவே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். 1 சாமுவேல் 13இன்படி, பலி செலுத்த வருவதாகச் சாமுவேல் தீர்க்கதரிசி குறித்தபடி, கில்காலில் அவன் ஏழு நாள் காத்திருந்தான். எதிரே பெலிஸ்தரின் சேனை. கூட இருந்த ஜனங்களோ சிதறிப் போகிறார்கள். சாமுவேலைக் காணாததால் தானே சர்வாங்க தகனபலியை (முழுவதும் எரிக்கும் பலியை) செலுத்தினான். செலுத்தி முடிக்கிற வேளையில் சாமுவேல் வந்து நின்றான். பயத்தில் செய்தேன் என்று சவுல் சொல்லவில்லை. துணிந்து செய்தேன் என்று சொன்னான். ஆறு நாள் பொறுத்தவர்களே ஏழாம் நாள் மாலையில் அதிகம் தவறுகிறார்கள் என்பது என் அனுபவமும்கூட.

ஆண்டவருக்கு உதவி செய்வது

ஆண்டவர் வாக்களித்த பிள்ளைக்குக் காத்திராமல், சாராள் தன் அடிமைப்பெண் ஆகாரை ஆபிரகாமுக்குக் கொடுத்தாள். ஆபிரகாமுக்கு 86 வயதில் ஆகாரிடம் இஸ்மவேல், 100 வயதில் சாராளிடம் ஈசாக்கு. இடையில் ஆகார் பட்ட பாட்டை ஆதியாகமம் 16, 21 அதிகாரங்களில் வாசியுங்கள்.

பிறருடைய சாட்சியை அளவுகோலாக்குவது

சாட்சி சொன்ன ஒருவருக்கு மூன்று மாதத்தில் பதில் கிடைத்தது என்றால், அது அவருடைய கதை.

வலியை மறைத்துச் சிரிப்பது

"எப்படி இருக்கிறாய்" என்று கேட்டால், "ஆண்டவர் நல்லவர், அங்கிள்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பிள்ளைகள் எங்கள் கூட்டத்தில் சிலர் உண்டு. கேள்வி கேட்பது விசுவாசக் குறைவு என்று யாரோ அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். 13ஆம் சங்கீதத்தின் முதல் இரண்டு வசனங்களுக்குள் "எதுவரைக்கும்" என்ற கேள்வியைத் தாவீது நான்கு முறை கேட்கிறான். அவனுக்கு எந்தத் தேதியும் பதிலாக வரவில்லை. ஆனாலும் அந்தச் சங்கீதம் பாட்டோடு முடிகிறது. இப்போதெல்லாம் சனிக்கிழமை ஜெபத்தை அந்த இரண்டு வசனங்களை எல்லோரும் சத்தமாக வாசிப்பதோடு தொடங்குகிறோம். முதல் வாரம் பாதிப் பேர் வாய் திறக்கவில்லை.