ஹெக்ஸ் எடிட்டரில் கைவைக்கும் முன்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து லயத்தை (தொழிலாளர்களின் வரிசை வீடுகளை) காலி செய்துவிட்டு டவுனுக்கு வந்த குடும்பங்கள் சிலவற்றில், தோட்டத்துக் கோவில் திருவிழாப் படங்கள் ஒரே ஒரு பென்டிரைவில்தான் இருக்கும். படம் திறக்கவில்லை என்றால், "தம்பி, என்னன்னு கொஞ்சம் பாருப்பா" என்று கணினி தெரிந்த பிள்ளையிடம் கொடுப்பார்கள். ஹெக்ஸ் எடிட்டரில், அதாவது கோப்பில் உள்ள பைட்டுகளை (கோப்பை உருவாக்கும் சிறு எண்களை) அப்படியே காட்டித் திருத்தவும் விடும் மென்பொருளில், பார்ப்பது நல்ல யோசனைதான். ஆனால் மூலக் கோப்பைத் தொடவே கூடாது. கணினியில் ஒரு நகல் எடுத்து, அதில் மட்டும் வேலை செய்யுங்கள்.

அதிகம் பார்க்கும் தவறு, பைட்டை அழிப்பதும் இடையில் நுழைப்பதும். லயத்தில் நடுவீட்டை எடுத்துவிட்டு மற்ற வீடுகளை நகர்த்தினால், கதவு எண்ணை நம்பி வருகிறவர் வேறு வீட்டைத்தான் தட்டுவார். கோப்பிலும் அதேதான். இன்சர்ட் விசை தெரியாமல் அழுந்தினாலே போதும், எடிட்டர் மேலெழுதுவதை விட்டு நுழைக்க ஆரம்பித்துவிடும். சேவ் செய்யும் முன் கோப்பின் அளவு மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது எண் குழப்பம். பிஎம்பி (BMP) வகைப் படத்தின் அகலம் ஆஃப்செட் 18-இல் இருக்கிறது; ஆஃப்செட் என்பது கோப்பின் தொடக்கத்திலிருந்து 0 முதல் எண்ணும் பைட்டின் இட எண். பதினாறை அடியாகக் கொண்ட ஹெக்ஸ் எண்முறையில் அது 12. அதைத் தசம 12 என்று நினைத்துப் போனால், படத் தரவு எங்கே தொடங்குகிறது என்று சொல்லும் பைட்டுகளை மாற்றிவிடுவீர்கள். சரி, இடம் சரியாக இருந்தாலும் வரிசை தவறலாம். அகலம் 1280 என்றால் 00 05 00 00 என்று எழுத வேண்டும், மதிப்பில் கடைசி இடத்துக்குரிய பைட் முதலில். 00 00 05 00 என்று எழுதினால் மென்பொருள் 3,27,680 என்று படிக்கும்.

எடிட்டரின் வலப்பக்க எழுத்துப் பட்டையில் தமிழ் தெரியவில்லையே என்று பயப்பட வேண்டாம். எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 (UTF-8) முறையில் 'அ' என்பது E0 AE 85, மூன்று பைட். பல எடிட்டர்கள் அதைப் புள்ளியாகவோ வேறு குறிகளாகவோதான் காட்டும்.

கோப்பின் பெயர் ஜேபெக் (JPEG) பட வகைக்குரிய .jpg என்று முடிந்தாலும் முதல் பைட்டுகளைப் பாருங்கள். ஜேபெக் FF D8 FF என்று தொடங்கும். 89 50 4E 47 என்றிருந்தால் அது பிஎன்ஜி (PNG) என்ற வேறு பட வகை. பெயரின் பின்னொட்டை மாற்றினாலே திறந்துவிடலாம். பல துண்டுகளாக அமைந்த பிஎன்ஜியின் உள்ளே ஒரு பைட்டைத் திருத்தினால் அது இருக்கும் துண்டின் சிஆர்சி சரிபார்ப்பு எண்ணையும் திருத்த வேண்டும், பலர் விட்டுவிடுகிறார்கள்.

கோப்பு முழுக்க 00 மட்டும் என்றால், நல்ல படத்தின் தலைப்பகுதியை (தொடக்கப் பைட்டுகளை) ஒட்டிப் பார்ப்பது வீண். அதில் படமே இல்லை. அப்போது பென்டிரைவில் புதிதாக எதையும் சேமிக்காமல், மீட்பு மென்பொருளை வைத்து முயலுங்கள். மீட்ட படங்கள் வேறு வட்டுக்குப் போகட்டும்.