திரும்பத் திரும்ப வரும் டிராக்கிங் குக்கிகள்: ஸ்கேன் முடிவைப் பார்த்துச் செய்யக்கூடாதவை

எங்கள் தெருவில் தபால் துறையிலிருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கணினியை ஸ்பைவேர் (உளவு பார்க்கும் நிரல்) ஸ்கேனுக்குப் போட்டுவிட்டுக் குளிக்கப் போவார். வந்து பார்த்துவிட்டு, கண்டுபிடிக்கப்பட்டவற்றின் எண்ணிக்கையைத் தேதியோடு ஒரு நோட்டில் குறித்துக்கொள்வார். 143, 118, 156 என்று அந்தப் பக்கம் முழுக்க எண்கள். ஒவ்வொரு வாரமும் எல்லாவற்றையும் அழித்தும் அடுத்த வாரம் அதே அளவு திரும்பி வந்ததால், கணினிக்குள் ஏதோ ஒன்று குடியேறிவிட்டது என்று முடிவு செய்து, விண்டோஸை அழித்துவிட்டு மறுபடி நிறுவித் தர முடியுமா என்று என்னிடம் கேட்டார். நான் அந்தப் பட்டியலை முழுவதும் நகர்த்திப் பார்த்தேன். 156 வரிகளில் 155 வரிகள் டிராக்கிங் குக்கிகள். மீதமிருந்த ஒரு வரி மட்டும் வேறு வகை. அவர் செய்துவந்த தவறுகள் பெரும்பாலோர் செய்பவைதான் என்பதால் அவற்றைப் பற்றியே இங்கே எழுதுகிறேன்.

முதல் தவறு, குக்கியை வைரஸின் தம்பி என்று எண்ணுவது. குக்கி என்பது ஒரு நிரல் அன்று. அது தானாக ஓடாது, பரவாது, கோப்புகளைத் திறந்து படிக்காது. 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மொண்டுல்லி என்ற பொறியாளர் இதை உருவாக்கினார். ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போனதும் வந்தவர் யார் என்பதையே இணையதளம் மறந்துவிடும் நிலை அன்று இருந்தது. கடைத் தளத்தில் கூடையில் போட்ட பொருள் அடுத்த பக்கத்திலும் கூடையிலேயே இருக்க வேண்டுமென்றால் ஏதேனும் ஓர் அடையாளச் சீட்டு தேவைப்பட்டது. ஒரு பெயர், ஒரு மதிப்பு, எந்தத் தளத்துக்கு உரியது, எப்போது காலாவதியாகும் என்ற சில விவரங்கள் மட்டுமே கொண்ட, ஏறத்தாழ 4096 பைட்டுகளுக்கு மேற்போகாத எழுத்துத் துண்டுதான் அது. கோயில் வாசலில் செருப்பை விடும்போது கொடுக்கும் டோக்கனைப் போன்றது.

அந்த டோக்கனை வேறு எவரோ கொடுக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. நீங்கள் ஒரு செய்தித் தளத்தைத் திறக்கிறீர்கள். அந்தப் பக்கத்தில் உள்ள விளம்பரம் செய்தித் தளத்தின் கணினியிலிருந்து வராமல் ஒரு விளம்பர நிறுவனத்தின் கணினியிலிருந்து வருகிறது. விளம்பரத்தை அனுப்பும் கையோடு அந்த நிறுவனம் தன் குக்கி ஒன்றையும் உங்கள் உலாவியில் வைத்துவிடுகிறது. நாளை சமையல் குறிப்புத் தளத்துக்குப் போகிறீர்கள். அங்கும் அதே நிறுவனத்தின் விளம்பரம். நேற்று வைத்த குக்கியை உலாவி தானே எடுத்து நீட்டிவிடுகிறது. இவ்வாறு ஒரே ஆள் எங்கெங்கே போகிறார் என்ற தொடர் அந்த நிறுவனத்துக்குக் கிடைக்கிறது. இதுதான் மூன்றாம் தரப்புக் குக்கி. ஸ்கேன் கருவிகள் டிராக்கிங் குக்கி என்று காட்டுவது பெரும்பாலும் இதைத்தான். இது தனியுரிமைச் சிக்கல். ஆனால் கணினிக்கு நேர்ந்த நோய் அன்று.

அப்படியானால் ஸ்பைவேர் பட்டியலில் இது எப்படி வந்தது? 2000-த்தை ஒட்டிய ஆண்டுகளில் புகழ்பெற்ற ஆட்-அவேர், ஸ்பைபாட் போன்ற கருவிகள் குக்கிகளையும் சேர்த்தே காட்டின. அன்றைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் ஒவ்வொரு தளத்தின் குக்கியையும் தனித்தனி எழுத்துக் கோப்பாக வைத்திருந்ததால், அவற்றைக் கோப்புக் கணக்கில் எண்ணிக் காட்டுவது எளிதாகவும் இருந்தது. இன்று குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் எல்லாக் குக்கிகளையும் ஒரே தரவுத்தளக் கோப்பில் வைக்கின்றன. எண்ணிக் காட்டும் வழக்கம் மட்டும் சில கருவிகளில் அப்படியே தங்கிவிட்டது. ஒன்றும் கிடைக்கவில்லை என்று சொல்லும் ஸ்கேனைவிட 156 கிடைத்தன என்று சொல்லும் ஸ்கேன் உழைத்ததுபோல் தெரியும் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம். விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் குக்கிகளைப் பட்டியலில் சேர்ப்பதில்லை என்பதையும் கவனியுங்கள்.

இரண்டாவது தவறுதான் உண்மையில் தீங்கு செய்வது: எண்ணிக்கையைப் பார்த்துவிட்டுப் பட்டியலைப் படிக்காமல் விடுவது. புலி வருகிறது, புலி வருகிறது என்று 155 முறை கத்திவிட்ட பட்டியலில் 156-ஆவதாக நிற்கும் உண்மையான புலியை எவரும் பார்ப்பதில்லை. பெரியவரின் பட்டியலில் தனித்து நின்ற அந்த ஒரு வரி, ஓர் இலவச பிடிஎஃப் மாற்றியோடு ஒட்டிக்கொண்டு வந்த உலாவி நீட்சி (எக்ஸ்டென்ஷன்). அவருடைய தேடல் பக்கத்தை மாற்றியது அதுதான். வாரந்தோறும் 'அனைத்தையும் நீக்கு' பொத்தானை அழுத்தியபோது அதுவும் நீங்கியது. ஆனால் குரோமில் தம் கூகுள் கணக்கை இணைத்து, நீட்சிகளையும் ஒத்திசைக்கும்படி அவர் வைத்திருந்ததால், கணினியில் அழிந்த நீட்சி கணக்கிலிருந்து மறுபடி இறங்கிக்கொண்டே இருந்தது. ஒத்திசைவை நிறுத்தி, நீட்சிப் பக்கத்தில் அதை நீக்கி, கணக்கில் தேங்கியிருந்த ஒத்திசைவுத் தரவையும் அழித்த பிறகுதான் அது ஒழிந்தது.

ஆகவே எத்தனை வந்தன என்பதைவிட எது, யாருடைய கையால் திரும்பி வருகிறது என்று கேட்பதே பயன் தரும். குக்கி திரும்பி வருவது உங்கள் கையாலேயே. ஐயமிருந்தால் ஐந்து நிமிடச் சோதனை ஒன்று செய்து பார்க்கலாம். குரோமில் குக்கிகளை அழித்துவிட்டு, விளம்பரங்கள் நிறைந்த ஏதேனும் ஒரு செய்தித் தளத்தை மட்டும் திறந்து, எஃப்12 விசையை அழுத்தி, வரும் கட்டத்தில் 'அப்ளிகேஷன்' என்ற தாவலுக்குள் குக்கிகள் என்ற பகுதியைப் பாருங்கள். மூன்றாம் தரப்புக் குக்கிகளைத் தடுக்காமல் வைத்திருந்தால், செய்தித் தளத்தின் பெயரோடு நீங்கள் ஒருபோதும் போகாத தளங்களின் பெயர்களும் நிற்பதைக் காணலாம். டபுள்கிளிக் என்ற விளம்பர நிறுவனத்தின் பெயரில் ஐடிஇ என்ற மூன்றெழுத்துக் குக்கி ஒன்று பெரும்பாலும் இருக்கும். அதன் மதிப்பு பொருளில்லாத எழுத்துகளும் எண்களும் கலந்த ஒரு நீண்ட சரம். அந்தச் சரத்தில் உங்கள் பெயரோ முகவரியோ இல்லை. இந்த உலாவி முன்பு பார்த்த அதே உலாவிதான் என்று அடையாளம் காண அது போதும். டபுள்கிளிக்கை வாங்கப்போவதாகக் கூகுள் 2007-இல் அறிவித்து, 2008-இல் வாங்கி முடித்தது. ஒரே ஒரு பக்கம் திறந்ததற்கே இவ்வளவு என்றால், ஒரு வாரம் உலாவியதற்கு 150 என்பது வியப்பே இல்லை. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ஞாயிறுதோறும் கொசு அடிப்பதுபோன்ற வேலை இது.

அழிக்கும் முறையிலும் சில கைப்பிழைகள் உண்டு. உலாவி திறந்திருக்கும்போதே ஸ்கேன் கருவியைக் கொண்டு குக்கிகளை அழிக்கச் சொன்னால், தரவுத்தளக் கோப்பு உலாவியின் பிடியில் இருப்பதால் சில வரிகள் அழியாமல் நிற்கக்கூடும். திறந்திருக்கும் தாவல்கள் அடுத்த நொடியே புதிய குக்கிகளையும் எழுதும். குரோமில் அழித்துவிட்டு எட்ஜை மறந்துவிடுவதும், தம் சுயவிவரத்தில் அழித்துவிட்டு அதே உலாவியில் பிள்ளைகள் வைத்திருக்கும் இன்னொரு சுயவிவரத்தை மறந்துவிடுவதும் வழக்கமாக நடப்பவை.

ஜன்னலை மூடுவது உலாவியின் அமைப்புகளில்தான். இங்கே மக்கள் எதிர்த்திசையில் ஒரு தவறு செய்கிறார்கள்: கோபத்தில் எல்லாக் குக்கிகளையும் ஒட்டுமொத்தமாகத் தடுத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் மின்னஞ்சலுக்குள் நுழைய முடியாது, ரயில் முன்பதிவு பாதியில் நிற்கும், வங்கித் தளம் கடவுச்சொல்லை வாங்கிக்கொண்டு மறுபடி முதல் பக்கத்துக்கே தள்ளும். தடுக்க வேண்டியவை மூன்றாம் தரப்புக் குக்கிகள் மட்டுமே. ஆப்பிளின் சஃபாரி அவற்றை 2020 மார்ச்சிலிருந்தே முழுமையாகத் தடுக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் 2019 செப்டம்பரில் அறியப்பட்ட டிராக்கர்களின் குக்கிகளை இயல்பாகத் தடுக்கத் தொடங்கி, 2022-இல் ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனிக் குக்கி ஜாடி என்ற ஏற்பாட்டைக் கணினிப் பயனர்களுக்கு இயல்பாக்கியது; ஒரு தளத்தில் வைத்த டோக்கனை இன்னொரு தளத்தில் நீட்ட முடியாது. குரோமின் கதை வேறு. இரண்டு ஆண்டுகளில் மூன்றாம் தரப்புக் குக்கிகளை ஒழிப்போம் என்று 2020 ஜனவரியில் அறிவித்த கூகுள், பலமுறை தள்ளிப்போட்டு, 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. விளம்பரத்தில் வாழும் நிறுவனம் விளம்பரக் குக்கியை ஒழிப்பதாகச் சொன்னபோது நம்பியவர்களில் நானும் ஒருவன். ஆகவே குரோம் வைத்திருப்பவர்கள் அமைப்புகளுக்குள் தனியுரிமைப் பகுதிக்குப் போய், மூன்றாம் தரப்புக் குக்கிகளைத் தடுக்கும் தேர்வைத் தாமே இயக்க வேண்டும். ஏதேனும் ஒரு தளம் அதனால் வேலை செய்யவில்லை என்றால் அந்த ஒரு தளத்துக்கு மட்டும் விலக்கு அளித்துக்கொள்ளலாம்.

வாரந்தோறும் குக்கிகளை ஒன்றுவிடாமல் துடைப்பதிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. விளம்பர நிறுவனங்கள் என்னைப் பின்தொடர வேண்டாம் என்று நீங்கள் ஒரு தளத்தில் சொன்னால், அந்த விருப்பமும் பல இடங்களில் ஒரு குக்கியாகவே சேமிக்கப்படுகிறது. எல்லாவற்றையும் அழிக்கும்போது அந்த மறுப்பும் அழிந்துபோகிறது. மறுநாள் அதே தளம் உங்களைப் புதியவராக எண்ணி மறுபடி ஒப்புதல் கேட்கிறது. அவசரத்தில் 'ஏற்கிறேன்' என்று அழுத்திவிடுகிறீர்கள். கூடவே எல்லாக் கணக்குகளிலிருந்தும் வெளியேற்றப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் மறுபடி கடவுச்சொல்லும் ஓடிபியும் போட்டு அரை நாள் போய்விடும்.

ஒரு கருவி 156 காட்டியது, இன்னொன்று என்ன சொல்கிறது பார்ப்போம் என்று இரண்டாவது, மூன்றாவது ஸ்கேன் கருவிகளை இறக்குவது இதைவிட ஆபத்தானது. ஒவ்வொரு கருவியும் தனக்கென ஒரு பட்டியல் வைத்திருப்பதால் எண்கள் ஒத்துவரவே மாட்டா. அந்த வேறுபாடே அச்சத்தை வளர்க்கும். இந்த அச்சத்தைக் காசாக்கியவர்கள் உண்டு. வின்ஃபிக்ஸர் போன்ற பெயர்களில் போலி ஸ்கேன் முடிவுகளைக் காட்டிப் பணம் பறித்த கூட்டத்தின் மீது அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2008-இல் வழக்குத் தொடுத்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஏமாந்ததாக அந்த வழக்கில் கூறப்பட்டது. பெயர்பெற்ற கருவி என்றால் கவலையில்லை என்றும் சொல்லிவிட முடியாது. குக்கிகளையும் குப்பைக் கோப்புகளையும் துடைக்கப் பலரும் நம்பிப் பயன்படுத்திய சிகிளீனரின் ஒரு பதிப்பிலேயே 2017-இல் தாக்குநர்கள் தீநிரலை நுழைத்துவிட, அது சுமார் 22.7 லட்சம் கணினிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. உலாவியில் இரண்டு சொடுக்குகளில் ஆகும் வேலைக்கு இன்னொரு நிரலை உள்ளே விட வேண்டிய அவசியம் இல்லை.

குக்கிகளுக்காக விண்டோஸை அழித்து மறுபடி நிறுவுவது, மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது. புதிய விண்டோஸில் முதல் செய்தித் தளத்தைத் திறந்ததும் குக்கிகள் வந்து நிற்கும்.

மறுபுறம், ஸ்கேன் பூஜ்யம் காட்டினால் எவரும் நம்மைப் பின்தொடரவில்லை என்று பொருள் கொள்வதும் பிழையே. திரையின் அளவு, நிறுவப்பட்ட எழுத்துருக்கள், கணினி வரைகலையை வரையும் விதம் ஆகியவற்றைச் சேர்த்து ஓர் உலாவியை அடையாளம் காணும் முறைக்குக் குக்கியே தேவையில்லை. தளங்கள் உலாவியின் உள் சேமிப்பகத்திலும் அடையாளத்தை வைக்க முடியும். ஒரு சமூக ஊடகக் கணக்கில் உள்நுழைந்தபடியே உலவினால், அந்த நிறுவனத்துக்கு நீங்கள் யார் என்று ஊகிக்க வேண்டிய தேவையே இல்லை.

ஆபத்தான குக்கி என்று ஒன்று உண்டு. அதை இந்த ஸ்கேன்கள் காட்டுவதில்லை. நீங்கள் மின்னஞ்சலுக்குள் நுழைந்ததும் அந்தத் தளம் வைக்கும் உள்நுழைவுக் குக்கிதான் அது. அதை நகலெடுத்துத் தம் கணினியில் வைத்துக்கொள்பவர் கடவுச்சொல்லோ ஓடிபியோ இல்லாமல் உங்கள் கணக்குக்குள் நுழைந்துவிடலாம். 2023 மார்ச்சில் லைனஸ் டெக் டிப்ஸ் என்ற மாபெரும் யூடியூப் சேனல் கைமாறியது இவ்வழியில்தான்: விளம்பர ஒப்பந்தம் போல வந்த மின்னஞ்சலின் இணைப்புக் கோப்பை ஊழியர் ஒருவர் திறந்தார், அதிலிருந்த தீநிரல் உலாவியின் உள்நுழைவு விவரங்களை அள்ளிக்கொண்டு போனது. எனவே உங்கள் பட்டியலில் குக்கி அல்லாத வரி ஒன்று இருந்து, அதில் ஸ்டீலர் (விவரங்களைத் திருடும் நிரல்), டிரோஜன் (நல்ல நிரல்போல் வேடமிட்டு நுழையும் தீநிரல்) என்ற சொற்கள் தென்பட்டால், அந்தக் கணினியிலேயே உட்கார்ந்து கடவுச்சொற்களை மாற்றத் தொடங்காதீர்கள். புதிய கடவுச்சொல்லும் அப்படியே போய்விடும். முதலில் அந்தக் கணினியை இணையத்திலிருந்து துண்டியுங்கள். வேறொரு கைபேசியிலோ கணினியிலோ மின்னஞ்சல் கணக்கைத் திறந்து, 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்ற தேர்வை அழுத்தி, பிறகு கடவுச்சொல்லை மாற்றி, அதற்குப் பின் வங்கிக் கணக்குகளுக்கும் அதையே செய்யுங்கள். கடவுச்சொல்லை மட்டும் மாற்றினால் போதாது; சில சேவைகளில் பழைய உள்நுழைவு அதற்குப் பிறகும் உயிரோடு இருக்கும், திருடப்பட்ட குக்கியும் அதுவரை செல்லுபடியாகும்.