பர்மா வானில் மறைந்தவர்களின் பெயரை நினைவுச் சின்னத்தில் சேர்ப்பது எப்படி?

இரண்டாம் உலகப் போரில் விமானத்தில் போய்த் திரும்பாத ஒருவர் உங்கள் குடும்பத்தில் இருக்கிறார், அவர் பெயர் தவுக்கியான் கல்லறைத் தோட்டத்தில் இல்லை. உடனே மனு எழுத உட்கார வேண்டாம். பெயர் அடியோடு விடுபட்டிருப்பதைவிட, வேறு ஊரில், வேறு எழுத்துக்கூட்டலில் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். அப்படி இருந்தால் தேவைப்படுவது சேர்ப்பு மனு இல்லை, திருத்த மனு. இரண்டுக்கும் சான்றுகள் வேறு, வேலையும் வேறு.

ரங்கூனுக்கு வடக்கே பியே சாலையில் சுமார் 35 கிலோமீட்டரில் இருக்கிறது தவுக்கியான் போர்க் கல்லறை. நடுவில் நீண்ட தூண் வரிசையோடு நிற்பது ரங்கூன் நினைவகம். ஏறத்தாழ 27,000 பெயர்கள் அதில் உண்டு. நம்மவர்கள் வந்து தூண் தூணாகத் தேடி, பெயரைக் காணாமல் மனம் நொந்து திரும்புவது இங்கேதான். அந்த 27,000 பேரும் தரைப்படையினர். பர்மாவின் மேல் பறந்து மறைந்து, கல்லறை தெரியாமல் போன பிரிட்டிஷ், இந்திய விமானப்படையினரின் பெயர்கள் சிங்கப்பூரில் கிராஞ்சி போர்க் கல்லறையில் உள்ள சிங்கப்பூர் நினைவகத்தில் இருக்கின்றன. தெற்கு, கிழக்கு ஆசியா முழுவதிலும் அதைச் சுற்றிய கடல்களிலும் மறைந்த விமானப்படையினருக்கு அதுதான் இடம். 1957 மார்ச் 2 அன்று திறக்கப்பட்டது. தரைப்படையினரையும் சேர்த்து 24,000க்கும் மேற்பட்ட பெயர்கள் அங்கே உள்ளன.

இதில் ஒரு முக்கியமான விதிவிலக்கு உண்டு. பர்மாப் போரில் காட்டுக்குள் இருந்த படைகளுக்கு அரிசி, தோட்டா, மருந்து எல்லாம் டக்கோட்டா விமானங்களிலிருந்து போடப்பட்டன. கதவோரம் நின்று மூட்டைகளைத் தள்ளிவிட்டவர்களில் பலர் விமானப்படையினர் இல்லை. ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கோர் என்ற தரைப்படைப் பிரிவின் சிப்பாய்கள். விமானம் மலையில் மோதினால் அவர்களும் சேர்ந்தே போனார்கள். வீட்டில் "தாத்தா ஏரோப்ளேனில் செத்தார்" என்று சொல்வார்கள். பதிவிலோ அவர் தரைப்படை. அப்படிப்பட்டவரின் பெயர் ரங்கூன் நினைவகத்தில், அவருடைய கோரின் கீழ் இருக்கும். ஆகவே எந்த விமானம் என்ற கேள்விக்கு முன்னால், எந்தப் படையில் சம்பளம் வாங்கினார் என்ற கேள்விக்குப் பதில் வேண்டும்.

அமெரிக்க விமானங்களில் மறைந்த அமெரிக்கப் படையினருக்கு இந்த வழி இல்லை. அவர்களுடைய பெயர்கள் மணிலா அமெரிக்கக் கல்லறையில் உள்ள காணாமல் போனோர் சுவரில் இருக்கின்றன. அதை அமெரிக்க அரசின் நினைவுச் சின்ன ஆணையம் பார்த்துக்கொள்கிறது. டெல்லியில் 2019இல் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவகத்துக்கு மனுப் போடுவதும் வீண்வேலை. அங்கே இருப்பது சுதந்திரத்துக்குப் பிறகு உயிர் நீத்தவர்களின் பெயர்கள்.

தேடும் விதம்

தவுக்கியான், சிங்கப்பூர் நினைவகங்களைப் பராமரிப்பதும், நாம் மனுப் போட வேண்டியதும் காமன்வெல்த் வார் கிரேவ்ஸ் கமிஷன். அதன் இணையப் பட்டியலில் தேடுவதற்குக் கட்டணம் இல்லை. நமக்குத் தடையாக இருப்பது நம் பெயர்கள்தான். "முத்துசாமி"யின் கடைசிப் பாதியை மட்டும் எஸ்-ஏ-எம்-ஒய், எஸ்-டபிள்யூ-ஏ-எம்-ஒய், எஸ்-டபிள்யூ-ஏ-எம்-ஐ என்று மூன்று விதமாகப் படை எழுத்தர்கள் எழுதியிருக்கிறார்கள். "சுப்பையா", "வேலாயுதம்", "சண்முகம்" எல்லாவற்றுக்கும் இதே கதி. போதாததற்கு நம்மிடம் குடும்பப் பெயர் கிடையாது. "ஆ. முத்துசாமி" என்றால் ஒரு எழுத்தர் முத்துசாமியைக் குடும்பப் பெயராக எழுதுவார், இன்னொருவர் தகப்பனார் பெயரான ஆறுமுகத்தைக் குடும்பப் பெயர் கட்டத்தில் போட்டுவிடுவார். எனவே இரண்டு பெயரையும், ஒவ்வொன்றின் எல்லா எழுத்துக்கூட்டல்களையும் தனித்தனியே போட்டுப் பாருங்கள். பார்த்த கூட்டல்களை ஒரு தாளில் குறித்து வையுங்கள். மனுவுக்கு அந்தத் தாள் பின்னால் உதவும்.

பெயரில் கிடைக்காவிட்டால் ஊரில் கிடைக்கலாம். விரிவான தேடலில் "கூடுதல் தகவல்" என்று ஒரு கட்டம் இருக்கிறது. இன்னாருடைய மகன், இன்னாருடைய கணவர், இன்ன ஊர் என்ற விவரம் அதில் சிக்கும். ஊரை இன்றைய கூட்டலில் தேடினால் வராது. திருநெல்வேலியை தின்னவேலி என்றும், தஞ்சாவூரை டாஞ்சோர் என்றும், திருச்சியை டிரிச்சினோபொலி என்றும், ராமநாதபுரத்தை ராம்நாட் என்றும் வெள்ளைக்காரன் எழுதிய எழுத்தில் போட வேண்டும். பர்மாவில் பிறந்தவர்களுக்கும் பல சமயம் தமிழ்நாட்டுச் சொந்த ஊரே பதிவாகியிருக்கும். பர்மா முகவரி இருந்தால் ரங்கூன், பெகு, மோல்மீன் ஆகியவற்றையும் அந்தக் காலக் கூட்டலில் பாருங்கள்.

படை எண் தெரிந்தால் இந்தப் பாடு எதுவும் இல்லை. இந்திய விமானப்படை அதிகாரிகளின் எண்ணுக்கு முன்னால் ஐ.என்.டி என்ற மூன்றெழுத்து வரும். பழைய மணியார்டர் ரசீது, ஓய்வூதியப் புத்தகம், கடித உறையின் மூலை எதில் ஓர் எண் தென்பட்டாலும் அதை முதலில் போட்டுப் பாருங்கள்.

யாருக்குத் தகுதி உண்டு?

மூன்று விஷயங்களை நிரூபிக்க வேண்டும். காமன்வெல்த் நாடுகளின் படை ஒன்றில் முறைப்படி பதிவாகியிருந்தார் என்பது ஒன்று. 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரையிலான காலத்தில் இறந்தார் என்பது அடுத்தது. கமிஷன் பட்டியலில் வேறெங்கும் அவர் பெயர் இல்லை என்பது மூன்றாவது. பணியில் இருக்கும்போதே இறந்திருந்தால் காரணம் எதுவானாலும் சரி: குண்டடி, விபத்து, மலேரியா எதுவும் செல்லும். பணியிலிருந்து விடுவிக்கப்பட்ட பிறகு இறந்தவராக இருந்தால், படைப்பணியால் வந்த நோயோ காயமோதான் உயிரைக் கொண்டுபோனது என்பதற்கு மருத்துவச் சான்று வேண்டும். இப்படிப்பட்ட மனுக்கள் தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

விமான நிலையத்தில் கூலிக்கு வேலை பார்த்தவர்கள், குண்டுவீச்சில் இறந்த பொதுமக்கள் ஆகியோர் படையினர் பட்டியலில் வரமாட்டார்கள். 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் விழுந்த முதல் குண்டுகளில் செத்தவர்களுக்கும் இது பொருந்தும். எதிரியின் தாக்குதலில் இறந்த காமன்வெல்த் குடிமக்களுக்குத் தனிப் பதிவு உண்டு; அதற்கும் கமிஷனையே அணுகலாம். போர்க்காலத்தில் ஜப்பானியர் போட்ட சயாம் ரயில்பாதையில் மாண்ட நம் தமிழ்த் தொழிலாளர்களுக்கு இந்த வாசல் எதுவும் திறக்கவில்லை. அந்தப் பாதையின் பர்மா முனையில் உள்ள தன்பியூசயாட் கல்லறையில் வரிசையாக இருப்பவை போர்க்கைதிகளின் கற்கள். அந்தத் தொழிலாளர்களுக்கான நீதி தனியாகப் போராடிப் பெற வேண்டியது. அதை இந்த மனுவோடு கலந்தால் இரண்டும் கெடும்.

சான்று எங்கே கிடைக்கும்?

குடும்பத்தார் எழுதித்தரும் உறுதிமொழியும், நோட்டரி முத்திரை குத்திய பிரமாணப் பத்திரமும் தனியாக நிற்காது. அந்தக் காலத்திலேயே எழுதப்பட்ட ஆவணம் வேண்டும். பதக்கத்தையும் நம்ப முடியாது. பிரிட்டன் வழங்கிய பர்மா ஸ்டாரில் பெயர் பொறிக்கப்படவில்லை, அதனால் அது யாருடையது என்று அதை வைத்துக் காட்ட முடியாது.

இந்திய விமானப்படையில் அதிகாரி அல்லாத பணியில் இருந்தவர் என்றால் டெல்லி சுப்ரதோ பார்க்கில் உள்ள விமானப்படை ஆவண அலுவலகத்துக்கு எழுதலாம். அதிகாரி என்றால் விமானப்படைத் தலைமையகம். தமிழ்நாட்டில் உறவினர் யாராவது இருந்தால், சொந்த மாவட்டத்து முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் நேரில் போய்க் கேட்கச் சொல்லுங்கள். தொலைவிலிருந்து போகும் கடிதத்தைவிட நேரில் போய் நிற்பவருக்கே அங்கே வேலை நடக்கும்.

பிரிட்டிஷ் விமானப்படை, அதாவது ஆர்.ஏ.எஃப் என்றால் லண்டன் கியூவில் உள்ள நேஷனல் ஆர்க்கைவ்ஸ். அங்கே ஏர் 27 என்ற தொகுப்பில் ஒவ்வொரு ஸ்குவாட்ரனின் (விமானப் பிரிவின்) நடவடிக்கைக் குறிப்பேடும் இருக்கிறது. அதில் படிவம் 540 என்பது நாள்வாரிச் சுருக்கம். படிவம் 541தான் நமக்கு வேண்டியது. ஒவ்வொரு பறத்தலுக்கும் தேதி, விமானத்தின் வகையும் எண்ணும், உள்ளே இருந்தவர்கள் பெயர், என்ன பணி, ஏறிய நேரம், இறங்கிய நேரம், விவரம் என்று கட்டம் போட்டு எழுதியிருப்பார்கள். திரும்பாத விமானத்துக்கு இறங்கிய நேரம் என்ற கட்டத்தில் நேரம் இருக்காது. அந்தப் பக்கத்தின் நகல் பத்துப் பிரமாணப் பத்திரங்களுக்குச் சமம். ஏர் 81 என்ற தொகுப்பில் விபத்து, இழப்புகள் பற்றிய கோப்புகள் உள்ளன. உறவினருக்குப் போன கடித நகல்கள்கூட அவற்றில் இருக்கும்.

படிவம் 541இல் ஏமாறும் இடமும் உண்டு. விமானத்தை இயக்கியவர்கள் பெயர்கள் இருக்கும். பயணியாகப் போன தரைப்பணியாளர், மூட்டை தள்ளியவர் ஆகியோர் பெயர் பெரும்பாலும் இருக்காது. அவர் பெயர் இல்லாததை வைத்து அவர் விமானத்தில் இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். அவருடைய சொந்தப் பிரிவின் குறிப்பேட்டைத் தேடுங்கள்.

கூட இருந்தவர்களைப் பிடியுங்கள்

ஒருவரைப் பற்றி ஒன்றும் கிடைக்காதபோது உடன் பறந்தவர்கள் வழிகாட்டுவார்கள். ஹரிக்கேனில் ஒருவர்தான். வெஞ்சன்ஸ், போஃபைட்டர் விமானங்களில் இருவர். லிபரேட்டர் குண்டுவீச்சு விமானத்தில் எட்டுப் பேரோ அதற்கு மேலோ. கமிஷன் பட்டியலில் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டு, தேதியையும் படையையும் மட்டும் போட்டுத் தேடினால் அன்று இறந்தவர்கள் வரிசையாக வருவார்கள். ஒரே ஸ்குவாட்ரனைச் சேர்ந்தவர்கள் எங்கே குறிக்கப்பட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். எல்லோரும் சிங்கப்பூர் நினைவகத்தில் இருந்தால் விமானம் அப்போது கிடைக்கவில்லை என்று பொருள். அவர்களெல்லாம் தவுக்கியானில் அடுத்தடுத்த எண்ணில், அல்லது ஒரே கூட்டுக் கல்லறையில் இருந்தால், உங்களவரும் அங்கேயே இருக்கலாம். எரிந்த விமானத்தில் உடல்களைப் பிரித்தறிய முடியாதபோது எல்லோரையும் ஒரே இடத்தில் அடக்கம் செய்தார்கள்.

தேதியில் கவனம் வேண்டும். காணாமல் போன நாள் ஒன்று. பல மாதம் கழித்து, இறந்ததாகக் கருதுகிறோம் என்று அறிவித்த நாள் இன்னொன்று. வீட்டுக்கு வந்த கடிதத்தில் இரண்டாவது தேதி மட்டும் இருந்தால், அதை வைத்துத் தேடுகிறவருக்கு உடன் பறந்தவர்கள் ஒருவரும் கிடைக்கமாட்டார்கள். ஆறேழு மாதம் பின்னால் போய்ப் பாருங்கள்.

"1939–1945 போரின் விமானப்படை வீரர்" என்று மட்டும் ஆங்கிலத்தில் எழுதிய பெயரில்லாத கல்லறை ஒன்று இவருடையதுதான் என்று உங்களுக்குத் தோன்றலாம். அதற்கு வழி வேறு. தவுக்கியானில் பெயர் தெரியாத கல்லறைகள் 867 உள்ளன. அக்யாப், மாந்தளே, மெய்க்தீலா, சஹ்மோ ஆகிய இடங்களிலிருந்து பல கல்லறைகள் இங்கே மாற்றப்பட்டன. எந்தக் கல்லறை எங்கிருந்து வந்தது என்று மாற்றப் பதிவேடு காட்டும். அங்கே இருக்கக்கூடியவர் இவர் ஒருவரே, வேறு எவராகவும் இருக்க முடியாது என்று காட்டினால்தான் கல்லில் பெயர் ஏறும்.

வயலிலோ காட்டிலோ விமானத்தின் உடைசல் கிடைத்தால், எலும்பு எதையும் தொடாமல், எதையும் பெயர்க்காமல், இருக்கும் நிலையிலேயே படமெடுங்கள். படத்தில் ஓர் அளவுகோல் தெரியட்டும். முதலில் உள்ளூர் அதிகாரிகளுக்கும், பிறகு பிரிட்டிஷ் தூதரகத்துக்கும் சொல்லுங்கள். உலோகத் தகடுகளில் உள்ள எண்கள் பெரும்பாலும் உதிரிப்பாக எண்கள், விமானத்தின் எண் இல்லை. பிரிட்டிஷ் விமான எண்ணில் ஓரிரு ஆங்கில எழுத்துக்குப் பின் மூன்று அல்லது நான்கு இலக்கம் வரும். லிபரேட்டர், டக்கோட்டா போன்ற அமெரிக்காவில் செய்த விமானங்களுக்கு அமெரிக்க எண்ணும் பிரிட்டிஷ் எண்ணும் தனித்தனியே உண்டு. இரண்டையும் குழப்பினால் வேறொரு விமானத்தின் ஆட்களைத் தேடிக்கொண்டிருப்போம்.

மனுவும் அதற்குப் பிறகும்

கமிஷனின் தலைமையகம் இங்கிலாந்தில் மெய்டன்ஹெட்டில் இருக்கிறது. இணையத்திலேயே விசாரணைப் படிவம் உள்ளது, கட்டணம் கிடையாது. முதலில் ஒரே பக்கத்தில் சுருக்கம் எழுதுங்கள்: பெயரும் அதன் எல்லாக் கூட்டல்களும், படை எண், பதவி, பிரிவு, இறந்த தேதியும் இடமும், பெற்றோர் அல்லது மனைவி பெயர், எந்தெந்தப் பட்டியலில் தேடி இல்லை என்று கண்டீர்கள் என்பது. ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில், அதைக் காட்டும் ஆவணத்தின் எண்ணைப் போடுங்கள். தமிழிலோ பர்மிய மொழியிலோ உள்ள தாளுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு இணைத்து, மூலத்தின் ஸ்கேனையும் சேர்த்து அனுப்புங்கள். அசல் தாளைத் தபாலில் அனுப்பவே வேண்டாம். குடும்ப வரலாறு, வீரப் புகழ்ச்சி எல்லாம் சுருக்கத்தில் இடம்பெற வேண்டியதில்லை.

கமிஷன் தானே கடைசி முடிவு எடுப்பதில்லை. சான்றுகளைப் பார்த்து, அவர் பணியாற்றிய படையின் நாட்டு அதிகாரிகளிடம் அனுப்புகிறது. பதில் வர மாதக்கணக்கில் ஆகும். அதற்கு மேலும் ஆகலாம். மறுத்தால், எந்த விஷயம் நிரூபணமாகவில்லை என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். புதுச் சான்று கிடைத்தால் மறுபடி அனுப்பலாம். பழைய சான்றையே கோபமான கடிதத்தோடு அனுப்புவதில் பலனில்லை.

ஏற்றுக்கொண்டால் முதலில் இணையப் பட்டியலில் பெயர் வரும். வந்த அன்றே கூட்டல், எண், தேதி, தகப்பனார் பெயர் எல்லாவற்றையும் எழுத்துக்கு எழுத்து சரிபாருங்கள். கல்லில் வெட்டிய பிறகு திருத்துவது பெரும்பாடு. பழைய பலகைகளில் படைப்பிரிவு, பதவி என்ற வரிசையில் பெயர்கள் நெருக்கமாக இருப்பதால் நடுவில் இடம் இராது. புதுப் பெயர்கள் பிற்சேர்க்கைப் பலகையில் சேரும், அதற்கு இன்னும் காலம் பிடிக்கும். சிங்கப்பூருக்குப் போகிற உறவினரிடம் தூண் எண்ணை எழுதிக்கொடுத்து அனுப்புங்கள். எண் இல்லாமல் அங்கே ஒரு பெயரைக் கண்டுபிடிக்க அரை நாள் ஆகும்.